மெலிந்த மேனியில் நீரிழிவு

நூல் பெறவும் துணி ஒப்படைக்கவும் அங்கத்தினர்கள் சங்கத்தில் கூடும் நாட்களில், திண்ணைப் பேச்சில் நோய்களைப் பற்றிய பேச்சும் தவறாமல் இடம்பெறும். நீரிழிவைக் குறித்து அங்கே நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. அது உண்டு கொழுத்தவரைப் பற்றும் நோய், உழைத்து உண்பவரை அண்டாது என்பதே அத்தீர்மானம். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. அதற்குக் கை தூக்கியவர்களில் நாமும் உண்டு. அது தவறு என்பதை நமது அங்கத்தினராகிய ஓர் இளம் நெசவாளர் பட்ட பாட்டிலிருந்து கற்க நேர்ந்தது. அவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை.

அவருக்கு வயது 26. குழித்தறியில் நெய்பவர். சிறு வயது முதலே ஒடிசலான தேகம். ஒருவேளைக் கஞ்சியும் ஒருவேளைச் சோறுமாக வளர்ந்தவர். ஓராண்டுக்குள் அவரது எடை 46 கிலோவிலிருந்து 38 கிலோவுக்கு இறங்கிற்று. மணிக்கொரு முறை தறிக்குழியை விட்டு எழுந்து வெளியே போவார். திரும்பும்போது ஒரு செம்பு நீரைப் பருகிவிட்டு அமர்வார். 10 நாளில் முடிய வேண்டிய பாவு 20 நாளாயிற்று. குறித்த காலத்தில் சேலைகளை ஒப்படைக்கவில்லை என்று அவருக்குச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் அனுப்பப்பட்டது. ஆம், அனுப்பியவர்கள் நாமே. தேநீரும் பீடியும் சோம்பலும் சேர்ந்த கோளாறு என்று சிலர் சொன்னதை நம்பினோம். வீட்டார் காசநோயோ என்று அஞ்சினர். சளியைச் சோதித்தார்கள், மார்பைப் படம் பிடித்தார்கள், காசநோய் இல்லை. சர்க்கரையைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "இந்த உடம்பில் சர்க்கரை எங்கிருந்து வரும்?" என்று நாமே கேட்டு நகைத்தது இன்றும் செவியில் ஒலிக்கிறது.

கடைசியில், காலில் பட்ட ஒரு சிறு காயம் ஆறாமற் போகவே, துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். கருவி காட்டிய எண் 430. அந்த அளவு சர்க்கரையோடு ஒருவர் எழுந்து நடமாடுவது எப்படி என்று செவிலியரே வியந்தாராம். இந்த வியப்பைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

துன்பம் அத்தோடு தீரவில்லை. அவர் சென்ற ஒரு மருத்துவமனையில் மாத்திரைகளோடு அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். எடையைக் குறைக்கவும், சோற்றைக் குறைக்கவும், நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கவும் அத்தாள் உபதேசித்தது. 38 கிலோ மனிதர் எதைக் குறைப்பார்? எனினும் அவர் கீழ்ப்படிந்தார். மாத்திரையை விழுங்கி, சோற்றையும் பாதியாக்கி, தறியில் அமர்ந்தார். மூன்றாம் நாள் நாடாவைப் பிடித்த கையோடு மயங்கிச் சாய்ந்தார். இம்முறை சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது. வேறொரு பெரிய மருத்துவமனையில் பொறுமையுள்ள ஒரு டாக்டர் அவரை முழுவதும் விசாரித்தறிந்து, சிறிய அளவு இன்சுலினும், குறைவான உணவுக்குப் பதில் நிறைவான உணவும் விதித்த பின்னரே உடம்பு தேறத் தொடங்கிற்று.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால் கணையத்தைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் இச்சுரப்பி இரண்டு தொழில்களைச் செய்கிறது. உணவைச் செரிக்கும் நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புவது ஒன்று. குழாய் ஏதுமின்றி இன்சுலின் என்னும் பொருளை நேரே இரத்தத்தில் கலப்பது மற்றொன்று. இன்சுலின் இல்லையேல் இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் தசைகளுக்குள் அது புகாது. பண்டகசாலையில் நெல் குவிந்திருக்க, திறவுகோலைத் தொலைத்துவிட்டு ஊரார் பட்டினி கிடப்பதை ஒக்கும் இந்நிலை. பெரும்பாலாருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பருமனும் நடுவயதும் அதன் தோழர்கள். முதல் வகையோ பெரும்பாலும் சிறுவரையும் இளைஞரையும் தாக்குவது. அதில் உடலின் காப்புப் படையே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. அந்நோயாளிக்கு இன்சுலின் தடைப்பட்டால் இரத்தம் புளித்து, மூச்சு வாங்கி, வாந்தியெடுத்து, சில நாட்களில் உயிருக்கே ஆபத்து நேரும்.

நமது நெசவாளர் இவ்விரண்டு வகையிலும் சேரவில்லை. 430 என்ற எண்ணோடு நடமாடியும் அவர் இரத்தம் புளிக்கவில்லை. செவிலியர் வியந்தது இதைக் கண்டுதான். இன்சுலின் அறவே இல்லாமற் போகவில்லை, ஆயினும் போதவில்லை. சுரந்த சிறிதளவுக்கோ உடல் நன்றாகவே செவிசாய்த்தது.

இத்தகைய நோயாளிகளை மருத்துவ உலகம் புதிதாகக் கண்டதன்று. 1955இல் ஜமைக்காத் தீவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர், மெலிந்த இளைஞர்களிடம் காணப்பட்ட இத்தகைய நீரிழிவை விவரித்து, அத்தீவின் முதலெழுத்தைக் கொண்டே அதற்கு 'ஜே வகை' என்று பெயரிட்டார். 1965இல் ஒடிசாவின் கட்டாக் நகர மருத்துவர்களான திரிபாதியும் கரும் நம் நாட்டிலும் அது உண்டென்று எழுதினார்கள். 1985இல் உலகச் சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவைச் சார்ந்த நீரிழிவு என்று ஒரு தனி வகுப்பையே ஏற்படுத்திற்று. ஆனால் ஊட்டக்குறைவே நீரிழிவை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று போதாதெனக் கருதி, 1999இல் அதே நிறுவனம் அவ்வகுப்பை நீக்கிவிட்டது. நோயாளிகள் நீங்கினார்களா? இல்லை. அட்டவணையில் அவர்களுக்கு இருந்த இடம் மட்டுமே நீங்கிற்று. தறி எண் இல்லாத நெசவாளர் சங்கப் பதிவேட்டில் இல்லாதவராவது போல, வகுப்பில்லாத நோயாளிகள் முதல் வகையிலோ இரண்டாம் வகையிலோ கிடைத்த இடத்தில் தள்ளப்பட்டார்கள். முதல் வகையென்று எண்ணிய இடத்தில் இன்சுலின் மிகையாகச் செலுத்தப்பட்டு மயங்கினார்கள். இரண்டாம் வகையென்று எண்ணிய இடத்தில், எடையைக் குறைக்கச் சொல்லும் தாளைப் பெற்றார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த நிகால் தாமசும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்சும் தம் குழுவினரோடு மெலிந்த நோயாளிகளை நுணுகி ஆராய்ந்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். இவர்களுடைய குறை இன்சுலின் சுரப்பிலேயே இருக்கிறது, உடல் அதனை ஏற்பதில் அன்று என்பதை அவர்கள் அளந்து காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை '5ஆம் வகை நீரிழிவு' என்று ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் 2 கோடி முதல் இரண்டரைக் கோடி வரை மக்களுக்கு இது இருக்கலாம் என்பதும், அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்பவர்கள் என்பதும் மதிப்பீடு. இதன் இலக்கணம் இன்னும் உறுதிப்படவில்லை என்று வாதிடும் அறிஞர்களும் உளர். அவர்களுடைய எச்சரிக்கை நியாயமானதே. ஆயினும் இத்தனை கோடி மக்களுக்கு வரக்கூடிய ஒன்றை 'அரிய நோய்' என்று பாடநூலின் கடைசிப் பக்கத்தில் ஒதுக்குவதை நாம் ஒப்பவில்லை. நோயாளி வறியவராயும் மருத்துவமனைக்கு வாராதவராயும் இருந்தால் எந்த நோயும் அரியதாகவே தோன்றும்.

இனி, பயிரிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு தோற்றம் உண்டு. சிலருக்கு நீரிழிவு வயிற்றுவலியாகத் தொடங்கும். சிறு வயதிலிருந்தே மேல்வயிற்றில் வலி விட்டுவிட்டு வரும், முதுகுக்கும் பரவும். வீட்டார் பூச்சி என்பர், வாயு என்பர், கண்ணேறு என்று கழிப்பும் செய்வர். சில ஆண்டுகளில் வலி தணியும். நோய் போயிற்று என்று மகிழ்வார்கள். அதற்குள் கணையத்தின் குழாய்களில் சுண்ணாம்புக் கற்கள் அடைத்துச் சுரப்பி சிதைந்து போயிருக்கும். பின்னர் மலம் எண்ணெய்ப் பசையோடு வெளுத்துப் போகும், உடல் மெலியும், நீரிழிவு தலைகாட்டும். இதனைக் கண்டறிய அரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. வயிற்றைச் சாதாரணமாக எடுக்கும் எக்ஸ்ரே படத்திலேயே அக்கற்கள் முத்துச் சிதறினாற்போல் தெரியும். இந்நோயாளருக்கு இன்சுலினோடு செரிமான நொதி மாத்திரைகளும் தேவைப்படும். பிற்காலத்தில் கணையத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் இவர்களுக்கு மற்றவரினும் மிகுதி; ஆகவே சர்க்கரை அடங்கியதும் மருத்துவரை மறந்துவிடக் கூடாது.

1959இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்பவரும், 1960களில் கேரளத்தில் கீவர்கீஸ் என்பவரும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினர். இரு நாட்டு நோயாளிகளும் ஏழைகள். மரவள்ளிக் கிழங்கை உண்டு வாழ்ந்தவர்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூரின் ஏழைக் குடும்பங்களுக்கு மரவள்ளியே சோறாயிற்று என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். எனவே ஐயம் கிழங்கின்மேல் விழுந்தது. மரவள்ளியில் சயனைடை விடுவிக்கும் பொருள் உண்டு. அதனை முறிக்கப் புரதத்திலிருந்து கிடைக்கும் கந்தகம் வேண்டும். புரதமற்ற உணவு உண்பவருக்கு அந்நஞ்சு முறியாமல் கணையத்தைக் கெடுத்திருக்கலாம் என்று 1979இல் மக்மில்லனும் கீவர்கீசும் ஒரு கருத்தை வெளியிட்டனர்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிடும் நம் அங்கத்தினர்கள் இதைப் படித்துத் திடுக்கிட வேண்டாம். அக்கருத்து உறுதிப்படவில்லை. மரவள்ளியை மிகுதியாக உண்ணும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் இந்நோய் அவ்வளவாகக் காணப்படவில்லை. மரவள்ளியைத் தொடாதவர்களிடமும் இது காணப்பட்டது. பிறகு, ஐதராபாத் ஆராய்ச்சியாளர்கள் நம் நாட்டு நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்னும் மரபணுவில் மாறுதல் இருப்பதைக் கண்டார்கள். பிறவிக் கூறும், ஊட்டக்குறைவும், நாம் இன்னும் முற்றும் அறியாத வேறு சிலவும் கூடியே இது விளைகிறது என்று கொள்வதே இன்று பொருந்தும். கிழங்கைத் தோல் சீவி, நன்றாக வேகவைத்து, அந்நீரை வடித்து, பயறோ மீனோ சேர்த்து உண்ணும் நம் பாட்டிமார் வழக்கத்தில் குறையொன்றும் இல்லை. ஒரு பயிரின்மேல் அவசரப்பட்டுப் பழி சுமத்தினால் அப்பழி நீங்க எத்தனை தலைமுறை ஆகும் என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் வாதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நாட்டின் தொற்றாநோய்த் திட்டத்தில் ஊர்தோறும் நடைபெறும் நீரிழிவுச் சோதனை 30 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. சென்னை அறிஞர் மோகனும் அவர் குழுவினரும் 2005இல் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறை ஒன்றும் முகாம்களில் கையாளப்படுகிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்கையும் கேட்டு 100க்கு மதிப்பெண் இடுவார்கள். 60உம் அதற்கு மேலும் பெற்றவர் அபாயத்தில் இருப்பவர். ஊரில் பெருவழக்கான இரண்டாம் வகையைச் செலவின்றிப் பிடிக்க இது மிகச் சிறந்த முறை. அதன் பயனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நமது நெசவாளரை அதில் நிறுத்திப் பாருங்கள். வயது 35க்குக் கீழ், சுழி. ஒட்டிய இடுப்பு, சுழி. நாள் முழுதும் கையும் காலும் ஓயாத கடும் உழைப்பு, சுழி. பெற்றோருக்கு நோயில்லை, சுழி. இரத்தத்தில் 430, மதிப்பெண் 0! முறையின் குற்றமன்று இது. இத்தகையவரைத் தேட அம்முறை வகுக்கப்படவில்லை. அப்படியானால் அவரைத் தேடுவது யார் பொறுப்பு என்பதே நமது வினா.

அவரை அன்றாடம் காண்பவர்கள் நாமே. மருத்துவர் அவரை நோய் முற்றிய பிறகு ஒரு முறை காண்கிறார். சங்கமோ மாதம் இரு முறை காண்கிறது. அவர் பாவு எத்தனை நாளில் முடிகிறது என்று கணக்கு வைத்திருக்கிறது. கூலிப் புத்தகத்தில் அவர் உழைப்பு குறைவதைத் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறது. நமது நெசவாளரின் கணக்கைப் பின்னர்ப் புரட்டிப் பார்த்தோம். முதல் சேலை தாமதமான நாளுக்கும் செவிலியர் சோதித்த நாளுக்கும் இடையில் 7 மாதங்கள். நோயின் வரலாறு முழுவதும் நம் கணக்கரின் கையெழுத்திலேயே இருந்தது. அதை நோட்டீசு அனுப்புவதற்கு மட்டும் பயன்படுத்தினோம்.

கைத்தொழிலாளருக்கு நீரிழிவு வேறொரு வேடத்திலும் வரும். ஆண்டுகள் பல கவனியாது விட்ட நோயில் விரல் மூட்டுகள் விறைத்து, கும்பிடும்போது உள்ளங்கைகள் இரண்டும் ஒட்டாமல் இடையில் சந்து தெரியும். விரல் மடங்கிச் சிக்கி நீள மறுப்பதும், தோள்மூட்டு இறுகிக் கை மேலெழாமற் போவதும் உண்டு. நெசவாளர் இவற்றைத் தறியின்மேல் சாற்றுவார். பல வேளைகளில் அது தறியின் குற்றமாகவே இருக்கும். ஆனாலும் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தறியைக் குறை கூறுவது நலம்.

பிற சுரப்பிகளின் கோளாறுகளும் இவ்வாறு மாறுவேடம் பூணுவதுண்டு. ஒன்றை மட்டும் சொல்வோம். தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும் சில இளம் ஆடவர்க்கு, இரவில் வயிறார உண்டு உறங்கி எழும் விடியலில் கால்கள் இரண்டும் துவண்டு அசையாமற் போகும். இரத்தத்திலுள்ள பொட்டாசியம் திடீரென அணுக்களுக்குள் புகுந்துவிடுவதால் நேரும் முடக்கம் இது. சில மணி நேரத்தில் தானே தெளிவதும் உண்டு. அதனால் காற்றுச் சேட்டையென்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் இதயத் துடிப்பு தடுமாறி உயிருக்கே கேடு விளையலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டியது இது.

'சங்கத்தின் வேலை நூல் கொடுத்துத் துணி வாங்குவது. வைத்தியம் பார்ப்பதன்று' என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் மறுத்துரைத்தார். வைத்தியம் பார்க்கும்படி நாம் கோரவில்லை. இன்ன வகை நீரிழிவு என்று முடிவு செய்வதும், இன்சுலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவருக்கே உரியவை. 5ஆம் வகை என்று ஒரு பெயர் வந்ததைக் கேட்டு, முதல் வகை நோயுள்ள பிள்ளைக்கு ஊசியை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் நம்மைச் சேரும். இரத்தச் சோதனைகள் சிலவற்றைச் செய்யாமல் இவ்விரண்டையும் தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. நாம் கோருவதெல்லாம், காரணமின்றி எடை இழந்தவர், ஓயாது நீர் பருகுபவர், புண் ஆறாதவர், குறித்த நாளில் பாவு முடிக்க இயலாதவர் ஆகியோரை, வயதும் பருமனும் பாராமல், நூல் வழங்கும் நாளிலேயே சோதிக்க வேண்டும் என்பதுதான். வெறும் வயிற்றில் 126, உண்ட இரண்டு மணி நேரத்தில் 200 என்ற எல்லைகளை எட்டியவரை ஒரு கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அக்கடிதத்தில் அவரது எடையையும், சிறுவயதில் வயிற்றுவலி இருந்ததா என்பதையும் எழுதிவிட்டால், தவறான தாள் அவர் கைக்கு வருவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை இரத்தசோகை உள்ள பெண்களிடம் பிழைபடக்கூடும் என்பதால், அந்த ஒன்றை மட்டும் நம்பாமலிருக்கும்படி மருத்துவரைக் கேட்பதிலும் தவறில்லை.

சோதனைக் கருவியும் ஓராண்டுக்கு வேண்டிய பட்டைகளும் வாங்க ஆகும் செலவு, மகாசபைக்காக நாம் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிடும் செலவைத் தாண்டாது. செவிலியர் தாமே வந்து இருவருக்குப் பயிற்சியளிப்பதாக இசைந்திருக்கிறார். பொதுநல நிதியிலிருந்து இத்தொகையை ஒதுக்குவதும், தாமத நோட்டீசு அனுப்புமுன் அங்கத்தினரின் உடல்நலத்தை நேரில் விசாரிக்க வேண்டும் என்ற விதியும் வரும் மகாசபையில் தீர்மானங்களாக வரவிருக்கின்றன. நமது நெசவாளர் இப்போது 47 கிலோ இருக்கிறார். முதல் தீர்மானத்தை முன்மொழிய இசைந்திருப்பவர் அவரே. அவருக்கு அனுப்பிய நோட்டீசை நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.